"கேஸ்ட்ரிக்" என்கிறோம், "தலையெழுத்து" என்கிறோம்!



நம்மிடையே இரண்டு சொற்கள் வெகு தாராளமாகப் புழங்குகின்றன. ஒன்று "கேஸ்ட்ரிக்". மற்றொன்று "தலையெழுத்து".

நாற்பத்தைந்து வயது மனிதர் நெஞ்சைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், "ஒண்ணுமில்லண்ணே, கேஸ்ட்ரிக்தான். சோடா குடிங்க, ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்" என்கிறோம். மறுநாள் அவர் கண்ணை மூடிவிட்டால், "என்ன செய்யிறது, அவங்க அப்பாவும் இதே வயசுலதான் போனாரு. தலையெழுத்து" என்கிறோம். முதல் சொல் அந்த மனிதரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்தது. இரண்டாவது சொல் அவருடைய தம்பியையும் மகனையும் போகவிடாமல் தடுக்கிறது.

இந்த இரண்டு சொற்களிலும் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வயிற்றில் நோய் இருப்பது உண்மை. அது ஒரு கிருமியால் வருகிறது. பரம்பரையில் கோளாறு இருப்பதும் உண்மை. அது இரத்தத்துக் கொழுப்பில் தெரிகிறது. இரண்டையும் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றுக்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருப்பது நியாயமா? இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கொழுப்பு தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை

கொலஸ்ட்ரால் என்றதும் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்க்கிறார்கள். நாம் பினாங்கு மாநிலத்துக்காரர்கள். நாசி கண்டார் பிறந்த ஊர் நம்முடையது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோல் தோளில் தடியைச் சுமந்து, ஜார்ஜ் டவுன் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சோறும் குழம்பும் விற்ற காலத்திலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே டாக்டர் "கொலஸ்ட்ரால் கூடியிருக்கு" என்று சொன்னதும், வீட்டில் உள்ளவர்கள் "நாசி கண்டார் தின்னது போதும்" என்று ஏசத் தொடங்கிவிடுகிறார்கள்.

உணவுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. நெய், தேங்காய்ப்பால், கொழுப்பு இறைச்சி, செம்பனை எண்ணெயில் பொரித்தவை ஆகியவற்றை அளவில்லாமல் தின்றால் கெட்ட கொழுப்பு ஏறத்தான் செய்யும். ஆனால் நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும் பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. அதில் ஈரலின் பங்கு பெரியது. உயிரணுக்களுக்குச் சுவர் கட்டவும், சுரப்பு நீர்கள் உண்டாகவும், பித்தம் சுரக்கவும் அது வேண்டும். அது இல்லாமல் மனிதன் வாழ முடியாது.

அந்தக் கொழுப்பை இரத்தத்தில் சுமந்து செல்பவை இரண்டு. எல்.டி.எல். என்பது கொழுப்பைக் கொண்டுபோய் இறக்குவது. மிஞ்சினால் இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்கும். ஆகவே அதைக் கெட்ட கொழுப்பு என்கிறார்கள். ஹெச்.டி.எல். என்பது மிஞ்சியதைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவருவது. அதை நல்ல கொழுப்பு என்கிறார்கள். இவை தவிர டிரைகிளிசரைடு என்ற மூன்றாவது கொழுப்பும் உண்டு. மாவு, சீனி, சாராயம், நீரிழிவு ஆகியவற்றோடு சேர்ந்து ஏறுவது அது.

செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். குலையை வெட்டிப் பாதையோர மேடையில் அடுக்குகிறீர்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வெட்டு வழக்கம்போல் நடந்து, வர வேண்டிய லாரிகளில் பாதிதான் வந்தால் என்ன ஆகும்? குலை மேடையில் தேங்கும், பாதையில் வழியும், அழுகும். வெட்டியவன்மேல் குற்றம் சொல்ல முடியுமா? கொழுப்பிலும் இப்படித்தான். சிலருக்குத் தட்டில் குறையே இல்லை. ஏற்றிச் செல்லும் லாரி பிறவியிலேயே பாதிதான்.

பிறப்போடு வரும் கொழுப்பு

அந்த லாரி என்ன என்பதை 1970-களில் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து மருத்துவர்கள் இருவர் கண்டுபிடித்தார்கள்: மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். ஈரல் அணுக்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைகள் இருக்கின்றன. சில குடும்பங்களில் அந்தக் கைகளைச் செய்யும் மரபணு பழுதாக இருக்கிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பழுதான மரபணு வந்தால், கைகளில் பாதிதான் வேலை செய்யும். பிறந்த நாள் முதல் கெட்ட கொழுப்பு இரத்தத்தில் தேங்கத் தொடங்கும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் குடும்பவழிக் கொலஸ்ட்ரால் நோய் என்று சொல்லலாம். உலகக் கணக்கில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது. மலேசியாவில் நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இருக்கக்கூடும் என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்நூறு பேர் உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்காவது, ஏன், ஐந்து பேருக்குக்கூட இது இருக்கலாம். அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருந்தில்லாமல் விட்டால், இந்நோய் உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்குள் மாரடைப்போ இதய அடைப்போ வந்துவிடுகிறது. பெண்களில் பத்துக்கு மூவருக்கு அறுபது வயதுக்குள் வருகிறது. இவர்கள் குண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. விடிகாலையில் எழுந்து பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் வெயிலில் குலை சுமந்து, ஒட்டிய வயிற்றோடு இருப்பவருக்கும் இது இருக்கும். "அவரு ஒல்லியாத்தானே இருந்தாரு, அவருக்கு எப்படிங்க மாரடைப்பு?" என்று சாவு வீட்டில் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பல சமயம் பதில் இதுதான்.

அடையாளங்கள் சில உண்டு. குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு தடித்துக் கட்டி கட்டியாக இருப்பது. கை முட்டிகளின் பின்புறம் நரம்பில் கட்டி. கண் இமையில் மஞ்சள் படிவு. நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம். இவை எல்லாருக்கும் தெரிவதில்லை. ஆகவே இரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது நல்லது. பெரியவர் ஒருவருக்கு அது 7.5-ஐத் தாண்டினாலோ, எல்.டி.எல். மட்டும் 4.9-ஐத் தாண்டினாலோ, அது வெறும் சாப்பாட்டுக் கொழுப்பாக இருக்காது என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று: ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய உடன்பிறப்புகள் ஒவ்வொருவருக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவர் முடிவு ஒரு குடும்பத்துக்கே முன்னறிவிப்பு. அந்த முடிவுக் காகிதத்தை அலமாரியில் மடித்து வைப்பது பெரும் தவறு. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அக்காவிடம் சொல்லுங்கள், பிள்ளைகளைப் பத்து வயதுக்குள்ளேயே பரிசோதிக்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள்.

மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளையும் காளான்களையும் சோதித்து, 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று நம் அரசாங்கக் கிளினிக்கில் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு அதுதான் மூலம். எண்டோ 2024-இல் மறைந்தார். அவர் திறந்துவிட்ட வழியால் கோடிக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள். அந்த மாத்திரையைத்தான் நம்மவர்கள் சிலர், "கிட்னி கெட்டுப் போகும்னு சொல்றாங்க" என்று பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு, குப்பைக் கூடையில் போடுகிறார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம்மவர்க்கு ஏன் அதிகம்?

இது புதிய செய்தியும் அல்ல. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த ஆயிரக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை டாக்டர் டி. ஜே. தனராஜும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, 1959-இல் வெளியிட்டார்கள். ஒரே ஊரில் வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்களிடம் இதய இரத்தக் குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்பது அதில் தெரிந்தது. அந்தத் தனராஜ்தான் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பின்னால் வந்த ஆய்வுகள் காரணங்களைச் சொல்லின. நம்மவர்களிடம் நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறைவு. டிரைகிளிசரைடு அதிகம். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருவதும் நீரிழிவும் அதிகம். இவற்றில் ஒரு பங்கு பரம்பரை. ஆனால் முழுவதும் பரம்பரை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே கிராமத்தில் குறைவாக இருக்கும் இதய நோய், பட்டணத்தில் கூடுகிறது. அதே இரத்தம்தான், வாழும் வகை மாறினால் நோயும் மாறுகிறது.

இதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம். பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. வெளிக்காட்டில் நடந்து நடந்து உழைத்தவர்களின் பிள்ளைகள், பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நின்ற இடத்தில் நின்று, இரவு வேலை முடிந்து ரொட்டி சானாயும் கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு, அடுக்குமாடி வீட்டில் படுக்கிறார்கள். பாட்டனுக்கு உழைப்பு அடக்கி வைத்த கொழுப்பைப் பேரனுக்கு அடக்க ஆளில்லை.

வயிற்றில் ஒரு கிருமி

இனி "கேஸ்ட்ரிக்" விஷயத்துக்கு வருவோம். வயிற்றுப் புண் வந்தால் முன்பு என்ன சொன்னார்கள்? "மிளகாய் அதிகம், கவலை அதிகம், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை." பழி முழுக்க நோயாளியின்மேல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். வயிற்றின் சுவரில் வளைந்து நெளிந்த ஒரு கிருமி இருக்கிறது என்று கண்டு, 1982-இல் அதை வளர்த்தும் காட்டினார்கள். அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. நம்பாதவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துத் தமக்கு வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்து வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவை இந்தக் கிருமியால் வந்தவை; மருந்து கொடுத்தால் குணமாகக் கூடியவை.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நெருக்கமான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், கழிவறைக் குறை இருந்தால் அதிகம் பரவும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கீன் லீயும் பரசக்தியும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் இரத்தத்தில் இந்தக் கிருமியின் தடயம் இருந்தது. மலாய்க்காரர்களிடம் இது மிகவும் குறைவு. ஆகவே நம்மவர்கள் வயிற்று நோய் என்று சொல்வது வெறும் கற்பனையல்ல.

சரி, இதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பில் எங்கேயாவது ஒரு கிருமி நீண்ட நாள் குடியிருந்தால், உடம்பு அதனோடு ஓயாமல் போராடிக்கொண்டே இருக்கும். அந்தப் போராட்டத்தில் சுரக்கும் பொருள்கள் ஈரலின் கணக்கையும் மாற்றுகின்றன: நல்ல கொழுப்பு குறையலாம், டிரைகிளிசரைடு கூடலாம். இந்த வயிற்றுக் கிருமி உள்ளவர்களிடம் கெட்ட கொழுப்பு சற்றுக் கூடுதலாகவும் நல்ல கொழுப்பு சற்றுக் குறைவாகவும் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கிருமியை ஒழித்தபின் நல்ல கொழுப்பு சற்று ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மாற்றமே இல்லை என்று வேறு சில சொல்கின்றன. மாற்றம் இருந்தாலும் அது சிறியதுதான்.

ஆகவே என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக் கிருமிக்கு மருந்து சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருமியை ஒழிக்க வேண்டியது வயிற்றின் நலத்துக்காக: புண் ஆறவும், இரத்தக் கசிவைத் தடுக்கவும், வயிற்றுப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கவும். கொழுப்புக்குத் தனி வைத்தியம் வேண்டும்.

காய்ச்சல் நேரத்துக் கணக்கு ஏமாற்றும்

வயிற்றுத் தொற்று கொழுப்பின் கணக்கைப் பெரிதாகக் குழப்பும் இடம் வேறொன்று உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கடுமையான வயிற்றோட்டம், டைபாய்டு, டெங்கி, நிமோனியா போன்றவை வந்தால் சில நாளிலேயே மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் இறங்கிவிடும். மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்தாலும் இப்படியே. பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும்.

மருத்துவமனையில் வயிற்றுப்போக்குக்காகப் படுத்திருந்தபோது எடுத்த இரத்தக் கணக்கைக் காட்டி, "எனக்குக் கொழுப்பெல்லாம் நார்மல்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்த நிம்மதி பொய்யாக இருக்கலாம். உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்து மறுபடி பாருங்கள். டாக்டரிடம், "போன மாசம் காய்ச்சலா இருந்தேன்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

இரண்டு மருந்து மோதும் இடம்

இதைக் கத்தரித்து மருந்துப் பெட்டியில் ஒட்டி வைத்தாலும் தகும். வயிற்றுக் கிருமிக்குத் தரும் மருந்துகளில் கிளாரித்ரோமைசின் என்ற ஒன்று அடிக்கடி இருக்கும். கொழுப்புக்குத் தரும் மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டின் ஒன்று. இவை இரண்டையும் ஒரே சமயத்தில் சாப்பிடக் கூடாது. சேர்த்துச் சாப்பிட்டால் கொழுப்பு மாத்திரை இரத்தத்தில் தேங்கி, தசைகள் நைந்து, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். வேறு சில ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கும் எச்சரிக்கை உண்டு. கிளினிக் ஒன்றில் கொழுப்பு மாத்திரை, இன்னொன்றில் வயிற்று மாத்திரை என்று வாங்குபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். எதை, எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்று டாக்டரே சொல்வார்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும். வயிற்றில் இந்தக் கிருமியும் இருந்து ஆஸ்பிரினும் சேர்ந்தால், இரத்தக் கசிவு அபாயம் கூடுகிறது. மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா?

மாரடைப்பு எப்போதும் நெஞ்சின் இடது பக்கம்தான் வலிக்கும் என்று நினைக்காதீர்கள். மேல் வயிற்றில் அழுத்துவதுபோல், எரிவதுபோல், காற்று அடைத்ததுபோலும் வரும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பு, மூச்சுத் திணறல், குமட்டலாகவும் வரும். அந்த நேரத்தில் "கேஸ்ட்ரிக்" என்று பெயர் வைக்க நமக்கு அதிகாரம் இல்லை. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து டாக்டர்தான் பெயர் வைக்க வேண்டும்.

குளிர்ந்த வேர்வை கொட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், மூச்சு வாங்கினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டால், உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். அவரை மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகவிடாதீர்கள். "காலையில பாக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தாமதித்தால் இதயத் தசை செத்துப் போகும். செத்த தசை திரும்ப முளைக்காது.

என்ன செய்வது? யார் செய்வது?

முதலில் நாம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் பத்தில் ஏறத்தாழ நால்வருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் அது தெரியவே தெரியாது. கொழுப்பு வலிக்காது, அரிக்காது, காய்ச்சலாக வராது. சோதித்தால்தான் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு சிகரெட் பாக்கெட் காசில் எத்தனை முறை போய்வரலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிகரெட்டும் நல்ல கொழுப்பைக் குறைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்கள் துணைவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை இலவசம். 40 வயதான சந்தாதாரர்களுக்காக 2013-இல் பெர்கேசோவும் இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நம் வரிப்பணம், நம் சந்தா; கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆனால் ஒரு குறையைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். இந்தத் திட்டங்கள் 40 வயதில் தொடங்குகின்றன. பரம்பரைக் கொழுப்போ பிறந்த அன்றே தொடங்குகிறது. தகப்பன் 45 வயதில் மாரடைப்பில் போனால், 22 வயது மகன் இன்னும் 18 ஆண்டு காத்திருக்க வேண்டுமா? அந்தப் பதினெட்டு ஆண்டும் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்துகொண்டே இருக்குமே!

ஆகவே என் கோரிக்கை இது. ஆண் ஒருவர் 55 வயதுக்குள்ளோ, பெண் ஒருவர் 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு கண்ட வீட்டில், வயது பாராமல் நெருங்கிய இரத்த உறவினர் அனைவருக்கும் கொழுப்புப் பரிசோதனை கிடைக்க வேண்டும். நிர்வாகங்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, சம்பளத்தோடும் போனஸோடும் இதையும் மேசைமேல் வைக்க வேண்டும். பரிசோதனைக்குப் போகும் அரைநாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. இரவில் நெஞ்சுவலி வந்தால் தோட்டத்திலிருந்து மருத்துவமனை போக வாகனம் தயாராக இருக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. உழைக்கிறவன் உயிரோடு இருப்பதற்கான குறைந்தபட்ச ஏற்பாடு.

அது கிடைக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால், "கொலஸ்ட்ரால் பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எங்கப்பா இன்ன வயசுல நெஞ்சுவலியில போனாரு, சித்தப்பாவுக்கு இன்ன வயசுல பைபாஸ் பண்ணாங்க" என்று வயதோடு சொல்லுங்கள். அந்த வயதைக் கேட்டால் டாக்டரின் பார்வையே மாறும். தேவைப்பட்டால் ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையின் நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். நிபோங் தெபாலிலிருந்தும் சுங்கை பாக்காப்பிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுத் தீவுக்குப் போய்வருவது சிரமந்தான். சாவு வீட்டுச் சிரமத்தைவிடப் பெரிதா?

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. வீட்டில் யார் யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு உங்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. ஆண்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மாமனார் வீட்டு வகையிலும் பிறந்த வீட்டு வகையிலும் அந்தக் கணக்கை எழுதுங்கள். பிள்ளைகளுக்கு நகை, நிலம், சேமிப்பு என்று எதை விட்டுச் செல்ல முடியாவிட்டாலும், இந்த ஒரு பக்கத்தை விட்டுச் செல்லுங்கள். தலையெழுத்து என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டால், அதைப் படித்து மருந்து கொடுக்க ஒரு டாக்டரால் முடியும்.